ஆடிக்குத் தாய்வீடு போன பவளமல்லி

பூசணிக்குறிச்சியில் சொன்ன பேச்சைத் தட்டுகிறவர்கள் யாரும் கிடையாது. அந்த ஊரின் பெருமையும் அதுதான், தொல்லையும் அதுதான். "கொஞ்சம் இருங்க, டீ குடிச்சிட்டு வந்துருதேன்" என்று ஒரு பேருந்து நடத்துனர் சொல்லிவிட்டுப் போக, அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனது தெரியாமல் அந்த நிறுத்தத்திலேயே இருந்து பொங்கலைக் கொண்டாடியவர்கள் அந்த ஊரில் உண்டு.

அப்படிப்பட்ட ஊரிலேயே தனிப்பெயர் வாங்கிய வீடு மேலத்தெருவில் இருந்தது. அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் அம்மையப்பன், அடுத்தவர் கோமதிநாயகம், கடைசி ஆவுடையப்பன். மூத்தவர்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அம்மையப்பனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் "உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார்கள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கதவைத் தாழிட்டார். பிறகு பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "நீங்க யாரு? என்ன விஷயமா வந்தீய?" என்று கேட்டார். அதோடு சரி.

ஆவுடையப்பனுக்கு மட்டும் கல்யாணம் நடந்ததற்குக் காரணம் உண்டு. "அங்க வந்து பேசாம இரு" என்று அண்ணன்கள் சொல்லிக் கூட்டிப்போனார்கள். தாலி கட்டி முடிகிறவரை அவன் வாயைத் திறக்கவே இல்லை. மாப்பிள்ளை ஆழமான ஆள் என்று பெண் வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள்.

பெண்ணின் பெயர் உலகம்மை. மஞ்சனூர் சுப்பையாவின் ஒரே மகள். அவளுக்கு ஆவுடையப்பனைப் பிடித்துத்தான் இருந்தது. அவன் எதையாவது செய்ய ஆரம்பிக்கும்போதுதான் பயம்.

அவளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தது. மகள் பிரசவத்துக்கு வருகிறாளே என்று சுப்பையா மஞ்சனூர் வீட்டின் பின்னால் ஒரு குளியலறை கட்ட நினைத்தார். அதற்கு இருந்த ஒரே இடத்தில் ஒரு பவளமல்லி மரம் நின்றது. உலகம்மை பள்ளிக்கூடத்துப் பிள்ளையாய் இருந்தபோது தன் கையால் வைத்த மரம். விடிந்தால் அதன் அடியில் வெள்ளைப் பூவும் பவளக் காம்புமாகத் தரை தெரியாமல் கிடக்கும். சுப்பையா கோடாலியை எடுத்தார். சேதி கேட்டு உலகம்மை அழுதாள். கடைசியில் மரத்தை வேர்மண்ணோடு தோண்டி, அவளுடைய புகுந்த வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று முடிவானது.

நெடுஞ்சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஞானமுத்து அண்ணாச்சி வந்து மரத்தைப் பூசணிக்குறிச்சி வீட்டின் பக்கத்துக் காலிமனையில் நட்டுக் கொடுத்தார். உலகம்மை அன்றைக்கே மஞ்சனூருக்குக் கிளம்பினாள். கிளம்புகிறபோது கணவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்தான், பிள்ளையைத் தூக்கிட்டு நான் வரும்போது இந்த மரத்துல பச்சை இருக்கணும். இல்லேன்னு வைங்க, நானும் வரமாட்டேன், பிள்ளையும் வராது."

 ஆவுடையப்பனுக்கு எதையும் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிற சுபாவம். "பச்சைன்னா எந்தப் பச்சை?" என்று கேட்டான். அதற்குள் உலகம்மை வண்டி ஏறிவிட்டாள்.

அவன் ஓடிப்போய் ஞானமுத்துவைப் பிடித்துக்கொண்டான். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இனிமே நாங்க என்ன செய்யணும்?"

"பெருசா ஒண்ணும் செய்யாண்டாம். புது எடம்லா, கொஞ்ச நாள் இலையைக் கொட்டும். பதறாதீய. தண்ணி வேருக்கு நிதானமா இறங்கணும், மேலோட கொட்டிட்டுப் போயிராதீய. தினமும் ஊத்தவும் வேண்டாம். மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா ஊத்துங்க. உரம் கிரம் எதுவும் இந்த வருஷம் போடாண்டாம். சுத்தி சருகைப் பரப்பி வைங்க, தண்டுல ஒட்டாம." வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "வாழ வந்த புதுப்பொண்ணு மாதிரின்னு வைங்களேன். புதுப்பொண்ணை எப்படிப் பாத்துக்கிடுவீயளோ அப்படிப் பாத்துக்கிடுங்க."

அவர் வெளியூர்க்காரர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் மூவரும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நிதானமா ஊத்தணும்னாரு. எதுல ஊத்துனா நிதானம்?" என்று கேட்டார் அம்மையப்பன்.

"குடம் அவசரம்" என்றார் கோமதிநாயகம். "செம்பும் அவசரந்தான். டம்ளர் கொஞ்சம் பரவாயில்ல."

"அதைவிட நிதானமா ஒண்ணு இருக்கு" என்ற ஆவுடையப்பன் உள்ளே போய், பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பால் புகட்டவென்று வாங்கி வைத்திருந்த பாலாடையை எடுத்து வந்தான்.

ஒரு குடம் தண்ணீர் பாலாடை பாலாடையாக இறங்குவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. ஒருவர் ஊற்ற, ஒருவர் மரத்தைத் தட்டிக்கொடுக்க, ஒருவர் புரையேறாமல் பார்த்துக்கொண்டார். மரத்துக்கு அது நல்லதாகவே போயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

விரல் விஷயத்தில்தான் சிக்கல். மூத்தவர் என்ற முறையில் அம்மையப்பன் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். விட்டவர் அப்படியே இருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, காஞ்சிருக்கா, ஈரமா இருக்கா?"

"அது அப்பமே தெரிஞ்சுபோச்சு. ஈரமா இருக்கு."

"அப்ப எடுங்க."

"விரலை விட்டுப் பாருங்கன்னுதான சொன்னாரு? எடுக்கணும்னு யாரு சொன்னா?"

தம்பிகளுக்கும் அது சரியாகவே பட்டது. அவருக்குச் சோறு ஊட்டிவிட்டார்கள். சாயங்காலம் அந்தப் பக்கமாகப் போன தபால்காரர் "என்ன அண்ணாச்சி, எந்திரிங்க" என்று வழக்கம்போல ஒரு வார்த்தை சொன்னதால் பிரச்சினை தீர்ந்தது.

சில நாட்களில் இலை கொட்ட ஆரம்பித்தது. ஞானமுத்து சொன்னபடி யாரும் பதறவில்லை. ஒவ்வோர் இலை விழும்போதும் கோமதிநாயகம் அதைக் கையில் எடுத்து, "பதறலை" என்று உரக்கச் சொல்லிக் கீழே வைப்பார். அம்மையப்பன் "நானும் பதறலை" என்பார். ஆவுடையப்பனால் மட்டும் முடியவில்லை. ஒவ்வோர் இலையும் உலகம்மையையும் பிள்ளையையும் ஒரு அடி தூரத் தள்ளிவிடுவது போல அவனுக்கு இருந்தது. மரத்துக்கு முன்னால் பதறக்கூடாதே என்று அவன் வீட்டுக்குப் பின்னால் ஓடிப்போய், அங்கே நின்று நன்றாகப் பதறிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவான்.

மரம் மொட்டையாகிவிட்டது. வெயில் நேராகத் தண்டில் அடித்தது. "புதுப்பொண்ணு இப்படி நிக்கலாமா?" என்று கோமதிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடனே உலகம்மையின் பழைய சேலை ஒன்றை மரத்துக்குச் சுற்றிக் கட்டினார்கள். தண்டுக்கு நிழல் கிடைத்தது. அன்றிலிருந்து அம்மையப்பன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் போவார். தெருவிலிருந்த பெண்கள் தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து பார்த்துவிட்டு, "நல்ல அடக்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனி மாதக் கடைசியில் சேலைத் தலைப்புக்கு மேலே கடுகளவு பச்சை தெரிந்தது. அடுத்த வாரம் அது நகம் அளவு ஆயிற்று. ஆவுடையப்பன் அலறிக்கொண்டு மஞ்சனூருக்குப் போன் போட்டான்.

"உலகு! தளிர் விட்டுட்டு!"

"நெசமாவா அத்தான்?" என்றாள் உலகம்மை. "நீங்களா பாத்துக்கிட்டீய? இனி ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இருந்தாலே போதும்."

அவன் அண்ணன்களிடம் சொன்னான். அன்று மூவரும் ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். அடுப்புப் பற்றவைக்கவில்லை. வீட்டுக்குள் புகுந்த நாயை விரட்டவில்லை. அது முறுக்குச் சட்டியைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுப் போயிற்று. கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் ஆடி பிறந்துவிட்டது.

ஆடி முதல் நாள் கோமதிநாயகம் கவலையோடு வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, புதுப்பொண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பாம வச்சிருந்தா ஊரு என்ன பேசும்?"

அம்மையப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். "எனக்கு ஏம்ல தோணாமப் போச்சு? ஆனா பொண்ணு வீட்டுக்காரங்கதான வந்து அழைக்கணும்? சுப்பையா மாமா எட்டிப்பாக்கலையே."

"ஒரு பொண்ணு பிரசவத்துக்கு வந்து இருக்கு. அந்த அலைச்சல்ல இன்னொரு பொண்ணு ஞாபகம் எப்படி வரும்? நாமதான் விட்டுக்கொடுத்துப் போகணும்."

ஆவுடையப்பன் தயங்கினான். "அண்ணே, இப்பத்தான் தளிர் விட்டிருக்கு. மறுபடி எடுத்தா தாங்குமா?"

"ஏல, உன் பொண்டாட்டி போன ஆடிக்குத் தாய்வீட்டுக்குப் போனாளே. வாடி வதங்கியா வந்தா? ரெண்டு சுத்துப் பெருத்துல்லா வந்தா!" என்றார் அம்மையப்பன்.

அது உண்மை. உலகம்மை கன்னம் பூரித்துத்தான் திரும்பி வந்திருந்தாள். ஆவுடையப்பன் நன்றாக யோசித்துப் பார்த்தான். மரமும் அப்படித் திரும்பி வந்தால் பிள்ளை வருகிற நேரத்துக்குப் பச்சைப்பசேல் என்று நிற்குமே. சரி என்றான்.

தோண்டி எடுத்து, புதுப் பட்டுச்சேலை சுற்றி, குங்குமம் வைத்து, குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். கூடவே ஒரு தார் வாழைப்பழம், ஒரு டின் அதிரசம். மாமியார் இல்லாத வீடு என்று யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்று கோமதிநாயகம் வழி முழுவதும் மரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மாசந்தான், ஏங்கிராத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மஞ்சனூர் வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், மரம் நின்ற இடத்தில் புத்தம்புதுக் குளியலறை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம். ஆவுடையப்பன் கதவைத் தட்டினான்.

"யாரு அது?"

"நாந்தான் மாமா. ஆடிக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

"யாரை மாப்ள?"

"உங்க வீட்டுப் பொண்ணைத்தான்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. சுப்பையாவுக்கு ஒரே பெண். அவளைச் சற்றுமுன் அடுப்படியில் பார்த்துவிட்டுத்தான் குளிக்க வந்திருந்தார்.

"மாமா, நீங்க இப்ப நிக்கிற எடந்தான் அவ நின்ன எடம். நீங்க கொஞ்சம் வெளிய வந்தீயன்னா அவளை உள்ள விட்டுருவோம்."

சுப்பையா இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாகக் கதவைத் திறந்தார். வெளியே மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அண்ணன் கையில் அதிரச டின். இன்னோர் அண்ணன் கையில் கடப்பாரை. நடுவில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும் ஒரு மரம்.

அம்மையப்பன் உள்ளே போய்த் தரையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "இப்படிச் செஞ்சுட்டீயளே மாமா! பொறந்த வீட்டுல ஒரு பொண்ணு வந்து கால் ஊன எடமில்லாம சிமிண்டைப் போட்டு மூடிட்டீயளே!"

சுப்பையா நுரையைத் துடைத்தார். பேச வாயைத் திறந்தார். நுரை வாய்க்குள் போய்விட்டது.

சத்தம் கேட்டு உலகம்மை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தாள். மரத்தைப் பார்த்தாள். வந்த வழி வெயிலில் தளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கியது. வேர்மண் பாதி வண்டியிலேயே உதிர்ந்து கிடந்தது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆவுடையப்பனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நிறைமாதத்தில் குனிய முடியாமல், அப்பாவிடம் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற பழைய சிமெண்டுத் தொட்டியை நிழலுக்கு இழுத்துப் போடச் சொன்னாள். அடியில் ஓட்டை போட்டு, ஒடிந்த வேரை மட்டும் நறுக்கி, மரத்தை அதற்குள் வைத்து மண் நிரப்பச் சொன்னாள். ஒடிந்த கொம்பைத் தானே நறுக்கினாள். ஈரச் சாக்கைச் சுற்றினாள்.

"பொழைச்சுக்கிடுமா உலகு?" என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"நான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பச்சை இல்லேன்னா நீயும் வரமாட்டே, பிள்ளையும் வராது."

"ம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அண்ணன்கள் இருவரும் பாதி வழி வரை, சுப்பையா மாமா ஒரு வாய் காபிகூடக் கொடுக்கவில்லை என்று பேசிக்கொண்டு வந்தார்கள். மீதி வழிக்கு அதிரசம் இருந்தது. ஆவுடையப்பன் வண்டியில் கிடந்த வேர்மண்ணை மடியில் அள்ளிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆவணியில் பெண்பிள்ளை பிறந்தது. ஆவுடையப்பன் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். "நல்லா கையைக் கழுவிட்டு வந்து பிள்ளையைத் தூக்குங்க" என்றார் நர்ஸம்மா. அவன் நல்லா கழுவினான். நல்லாவா என்ற சந்தேகத்தில் மறுபடி கழுவினான். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தபோதும் குழாயடியில்தான் நின்றான். வாசலில் இருந்தே பிள்ளையின் ஒரு பாதத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். மஞ்சனூர்த் தொட்டியில் மரம் அப்போதும் மொட்டைக் குச்சியாகத்தான் நின்றது.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, தெருவில் குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்னால் உலகம்மை, மடியில் பிள்ளை. பின்னால் சுப்பையா, பக்கத்தில் தொட்டி. தொட்டிக்குள் மரம். கொம்புக்குக் கொம்பு உள்ளங்கை அகலத்துக்குச் சொரசொரவென்று பச்சை இலை.

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. பதற்றத்தில் வந்த அழுகை இல்லை என்பதால் அவன் தெருவிலேயே நின்று அழுதான்.

"இந்தத் தடவை நீங்க யாரும் வராண்டாம் மாப்ள, எட்ட நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, சுப்பையா தானே குழி தோண்டினார். எப்போதும் கண்ணில் படட்டும் என்று வாசற்படிக்குப் பக்கத்திலேயே நட வேண்டும் என்று உலகம்மை சொல்லியிருந்தாள். நட்டு, தண்ணீர் விட்டு, சுப்பையா கிளம்பிப் போனார். உலகம்மை நிலைப்படியில் நின்று மூவரையும் பார்த்து விரலை நீட்டினாள்.

"பெரியத்தான், நடுவத்தான், உங்களுக்குந்தான் சொல்லுதேன். அத்தான், உங்களுக்கு முக்கியமாச் சொல்லுதேன். இனி இந்த மரத்துக்குப் பத்தடிக்குள்ள மூணு பேர்ல ஒருத்தரும் வரக்கூடாது. வந்தீய, நான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனாள்.

கோமதிநாயகம் கயிறு வைத்து அளந்தார். வாசற்படி மரத்திலிருந்து மூன்றடியில் இருந்தது. அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.

மத்தியானம் சோற்றுக்கு யாரும் வராததால் உலகம்மை வெளியே எட்டிப் பார்த்தாள். மூவரும் எதிர்ச்சாரியில் வேலி ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அத்தான், அங்க என்ன செய்தீய? பிள்ளை முழிச்சிருக்கா. வந்து தூக்குங்க."

ஆவுடையப்பன் எழுந்தான். ஓரடி வைத்தான். மரத்தைப் பார்த்தான். இலைகள் காற்றில் அசைந்தன. ஆடியில் தொங்கிய தளிர் அவன் கண்ணுக்குள் வந்தது. உட்கார்ந்துவிட்டான்.

"வேண்டாம் உலகு. நான் கிட்ட வந்தா அதுக்கு ஆகலை. நீ பிள்ளையை இங்கன கொண்டுவா."

"பச்சைப்பிள்ளையை இந்த ஈரக்காத்துலயா? நல்லாருக்கே! வந்தா வாங்க, வராட்டா அங்கனயே இருங்க!" கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

 உள்ளே பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தம்பியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அம்மையப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏல கோமதி, மரத்துக்கிட்டத்தான போகக்கூடாது?"

"ஆமா."

"வீட்டுக்கிட்டப் போகலாம்லா?"

"போகலாம். ஆனா வீடு மரத்துக்கிட்டல்லா இருக்கு?"

"அப்ப வீட்டைத் தள்ளி வச்சுட்டா?"

கோமதிநாயகம் வாயைப் பிளந்தார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு யோசித்தார். "வீட்டுக்கு வேர் உண்டா அண்ணே?"

"கெட்டும்போது குழி தோண்டித்தான கெட்டுனாங்க?"

"ஆமா. ஆழமாத் தோண்டுனாங்க."

"பெறகு? வேர் இல்லாமலா இத்தனை மழைக்கு விழாம நிக்கி? பின்னால நம்ம கொல்லை சும்மாத்தான கிடக்கு. வேர் அறாம எடுத்து, அங்கன வச்சுட்டாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு ஓடு கொட்டும். அப்புறம் பிடிச்சுக்கிடும்."

ஆவுடையப்பன் தலையை நிமிர்த்தினான். இவ்வளவு எளிதான வழி இத்தனை நேரம் எப்படித் தோன்றாமல் போயிற்று என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

தெருவைச் சுற்றிப் பின்பக்கமாக, மரத்திலிருந்து கயிறு அளந்து, தள்ளியே போனார்கள். அம்மையப்பன் பின்சுவர் ஓரமாகக் கடப்பாரையைப் போட்டார். கோமதிநாயகம் பக்கத்துத் தெருவுக்குப் போய் இரண்டு ஜோடி வண்டிமாடுகளும் கிணற்று வடக்கயிறும் இரவல் வாங்கி வந்தார். தெருவே கூடிவிட்டது. வீட்டை நட்டபின் எந்தப் பக்கம் பார்த்தால் நல்லது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மரத்துப் பக்கம் மட்டும் தெருக்காரர்கள் பிடித்துக்கொடுக்க, வடக்கயிற்றை வீட்டைச் சுற்றிக் கட்டி, மாடுகளைப் பூட்டியாயிற்று.

ஆவுடையப்பன் மட்டும் பின்பக்கத்து ஜன்னலுக்கு ஓடினான். உள்ளே உலகம்மை பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். கம்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பிள்ளை பயந்துவிடாதபடி மெதுவாகச் சொன்னான்.

"உலகு, பிள்ளையை எடுத்து மடியில கெட்டியாப் பிடிச்சுக்க. இந்தா, வீடு கிளம்பப் போவுது."